லெஸ்யாவின் தலையில் தட்டப் போன பயணம்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் எழுதுகிறவன் அல்லன். சாதாரண தரப் பரீட்சை வரை படித்துவிட்டு, மன்னாரில் சங்கக்கடையில் அரிசியும் சீனியும் நிறுத்துக் கொடுக்கிற ஆள். இதுவரை நான் எழுதியதெல்லாம் 'சீனி முடிந்துவிட்டது' என்று கடைக் கதவில் ஒட்டுகிற அறிவித்தல்தான். அதையும் நின்று படித்துவிட்டு, உள்ளே வந்து சீனி இருக்கிறதா என்று கேட்பார்கள். அப்படிப்பட்ட என்னை எங்கள் சனசமூக நிலையத்தின் செயலாளர் பிடித்துக்கொண்டார். ஜேர்மனிக்குப் போய்வந்தவன் ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை தராவிட்டால் எப்படி என்று கேட்டார். மாட்டேன் என்று சொல்ல எனக்கு வராது. இந்தப் பயணத்தில் நடந்த பாதி விஷயங்களுக்கும் அதுதான் காரணம்.

முன்பு மலரில் எழுதியவர்கள் கோட்டை பார்த்தார்கள், பெரிய தேவாலயங்கள் பார்த்தார்கள், ஆற்றில் கப்பலில் போனார்கள். நான் அதிகம் பார்த்தது ஒரு நீச்சல் தடாகத்தின் விளிம்பு. அதிலும் ஒரு பக்கம் மட்டும். வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் அக்கா திரேசம்மா இளம் வயதில் அகதியாகப் போய் ஸ்டுட்கார்ட்டில் இருப்பவள். தோளில் அறுவைச் சிகிச்சை, உதவிக்கு ஆள் வேண்டும் என்று தொலைபேசியில் சொன்னாள். அவள் சொன்ன குரலைக் கேட்டு, நான் போய்ச் சேரும்வரை உயிரோடு இருப்பாளோ என்று பயந்தேன். ஆனால் சிகிச்சைக்கு நாள் கிடைத்தது அரை வருடம் கழித்துத்தான். அங்கே அதற்கு டெர்மின் என்று பெயர். எங்கள் ஊரில் முதலில் நோ வரும், பிறகு ஆஸ்பத்திரிக்குப் போவோம். அங்கே முதலில் டெர்மின் வாங்கி வைத்துவிட்டு நோவுக்காகக் காத்திருக்கலாம் போலிருந்தது.

விமான நிலையத்தில் என் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மாவைப் பார்த்ததும் அந்த அதிகாரியின் முகம் கடுமையானது. முகர்ந்து பார்த்தார். அடுத்த பொதியையும் பிரித்தார். அது அத்தானுக்குப் பிடித்த கட்டாக் கருவாடு. உடனே பெட்டியை மூடி, போகலாம் என்று கையைக் காட்டினார். கொஞ்சம் வேகமாகவே காட்டினார்.

வெளியே அக்கா நின்றாள். சிகிச்சை முடிந்த கை, கழுத்தில் கட்டிய துணியில் தொங்கியது. மற்றக் கையால் என் பெட்டிகள் இருந்த தள்ளுவண்டியைப் பறித்து, எனக்கு முன்னால் ஓட்டிக்கொண்டு போனாள். சாகப் போகிறவள் போலத் தெரியவில்லை. பக்கத்தில் அத்தான். அவர் கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். இப்போது அந்தப் பகுதித் தமிழர் ஒன்றியத்தின் தலைவர். தலைவரான பிறகு சாப்பிட்டாயா என்று கேட்பதென்றாலும் தொண்டையைச் செருமிக்கொண்டுதான் கேட்கிறார்.

காரில் ஏறியதும் அக்கா விஷயத்தை உடைத்தாள்.

"தம்பி, தோள் ஒருபக்கம் கிடக்கட்டும். உன்னை வேற ஒரு அலுவலுக்கும்தான் வரச்சொன்னனான். எங்கட கீழ்வீட்டில ஒரு பிள்ளை இருக்கு. நீ அதுக்குத் தலையில தட்ட வேணும்."

நான் அத்தானைப் பார்த்தேன். அவர் ஏதும் நடக்காதது போல வீதியைப் பார்த்துக் கார் ஓட்டினார்.

அந்தப் பிள்ளை என்பது முப்பத்தைந்து வயதுப் பெண். பெயர் லெஸ்யா. உக்ரேன் நாட்டு நீச்சல் வீராங்கனை. இரண்டு கண்ணும் தெரியாது. பிறக்கும்போது கொஞ்சம் தெரிந்ததாம். சிறுவயதில் தடாகத்தின் அடியில் இருக்கும் கறுப்புக் கோட்டைப் பார்த்து நீந்தி, கொஞ்சம் பார்வை உள்ளவர்களுக்கான பிரிவில் பதக்கம் வாங்கினாளாம். வளர வளர கோடு சாம்பலானது, பிறகு காணாமல் போனது. கண் மங்க மங்க மருத்துவர்கள் சோதித்து அவளை ஒரு பிரிவிலிருந்து அடுத்த பிரிவுக்கு மாற்றினார்கள். கடைசிப் பிரிவில் எல்லோரும் ஒளி புகாத கறுப்புக் கண்ணாடி போட்டுத்தான் நீந்த வேண்டும். கண் தெரியாதவர் கண்ணைச் சரியாக மறைத்திருக்கிறாரா என்று கண் தெரிந்த ஒருவர் பிறகு சோதிப்பார். இதை அக்கா சொன்னபோது விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். பிறகு நேரில் கண்டேன்.

போரில் அவளுடைய தடாகத்தின் கூரை போய்விட்டது. பயிற்சியாளர் பெத்ரோவோடு இங்கே வந்துவிட்டாள். அக்கா அதிகாலையில் துப்புரவு செய்யப் போகும் தடாகத்தில்தான் லெஸ்யாவின் பயிற்சி. கண் தெரியாதவர் வேகமாக வரும்போது சுவர் எங்கே என்று யாராவது சொல்ல வேண்டும். அதற்கு இரண்டு பக்கமும் நீளத் தடியோடு ஆள் நிற்கும். தடியின் நுனியில் பந்துபோலப் பஞ்சு. சுவருக்கு ஒரு கை வீச்சுத் தூரம் இருக்கும்போது தலையிலோ முதுகிலோ ஒரு தட்டு. அவள் உடனே தண்ணீருக்குள் குட்டிக்கரணம் அடித்துத் திரும்புவாள். ஒரு பக்கம் பெத்ரோ. மறுபக்கம் இரண்டு வருடமாக என் அக்கா. இப்போது அக்காவுக்குக் கை தூக்க ஏலாது.

ஜேர்மன்காரர் ஒருவரும் கிடைக்கவில்லையா என்று கேட்டேன். விரும்பி ஒருவர் வந்தாராம். தட்டுவதற்கு ஒரு பயிற்சி வகுப்பு இருக்கிறது, அதை முடித்துவிட்டுத்தான் தடியைத் தொடுவேன் என்றாராம். அடுத்த வகுப்பு இலையுதிர் காலத்தில். போட்டியோ இந்த மாதம். அத்தானையும் ஒருமுறை நிறுத்திப் பார்த்தார்களாம்.

"தடியைக் கையில குடுத்தா இந்த மனிசன் மைக் எண்டு நினைச்சிட்டார்," என்றாள் அக்கா. "கதைச்சுக்கொண்டு நிண்டவர். பிள்ளை சுவரில போய் மோதினது."

அத்தான் தொண்டையைச் செருமினார். 

இரண்டாம் நாள் காலை தடாகத்துக்குப் போனேன். உள்ளே போக முன் குளிக்க வேண்டும் என்றார்கள். நான் தண்ணீரில் இறங்கப் போவதில்லையே என்று அக்காவைச் சொல்லச் சொன்னேன். பொறுப்பாளர் கேட்கவில்லை. ஆண்கள் குளிக்கும் அறையில் என் வயதுக்கு மூத்த நாலைந்து பேர், பிறந்த மேனியாக, சவர்க்காரம் பூசியபடி அரசியல் பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் எல்லோரும் மரியாதையாகக் காலை வணக்கம் சொன்னார்கள். எங்கே பார்த்துப் பதில் சொல்வது என்று தெரியாமல் கூரையைப் பார்த்துச் சொன்னேன். பிறகு சாரத்தை நெஞ்சுவரை ஏற்றிக் கட்டிக்கொண்டு, எங்கள் ஊர்க் கிணற்றடியில் குளிப்பதுபோலக் குளித்தேன். பொறுப்பாளர் வந்து சாரத்தைச் சுட்டிக்காட்டி ஏதோ நீளமாகச் சொன்னார். துணியோடு குளிப்பது சுகாதாரக் கேடு என்பது அதன் சாரமாம். எங்களுக்கு வெட்கம், அவர்களுக்குக் கிருமி. இருவரும் அவரவர் கொள்கையிலேயே நின்றோம்.

லெஸ்யா உயரமானவள். தோள்கள் பெட்டகம் போல அகலம். இரண்டு கைகளிலும் மேலே சிவந்த கீறல்கள். நேராக நீந்துகிறேனா என்று தெரிந்துகொள்ள நீந்தும் பாதைகளைப் பிரிக்கும் கயிற்றை உரசிக்கொண்டே வருவாளாம். அவள் என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, விரல்களை அமுக்கிப் பார்த்தாள். அக்காவிடம் ஏதோ சொன்னாள். இருவருக்கும் பொதுவான மொழி உடைந்த ஜேர்மன்தான்.

"கை நல்ல மென்மையாம்," என்றாள் அக்கா. "சந்தோசமாச் சொல்லேல்லை."

பெத்ரோ கிழவர் கழுத்தில் நேரம் பிடிக்கிற கடிகாரம் தொங்க, ஒரு பேச்சும் இல்லாமல் என் கையில் தடியைத் தந்தார். ஒரே ஒரு சட்டத்தை மட்டும் அக்கா மூலமாகத் திரும்பத் திரும்பச் சொன்னார். போட்டியின்போது தடிக்காரன் வாய் திறக்கக் கூடாது. தட்டலாம், பேசினால் வழிகாட்டியதாகக் கணக்கு, நீச்சல் செல்லாது. வாய் திறக்கக் கூடாத உத்தியோகம் என்று ஒன்று உலகத்தில் இருக்கிறது என்று அன்றுதான் அறிந்தேன். இது எனக்கென்றே உண்டானது என்று உள்ளுக்குள் மகிழ்ந்தேன்.

ஆனால் தட்ட வரவில்லை. முன்பின் தெரியாத ஒரு பெண் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வருகிறாள். அவள் தலையில் நான் தடியால் அடிக்க வேண்டும். எங்கள் வீட்டில் தெரியாமல் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் பழக்கம். தடி அவள் தலைக்குப் பக்கத்தில் போனதும் என் கை தானாகவே தளர்ந்துவிட்டது. ஒரு தடவு தடவினேன். தண்ணீர் பட்டதா தடி பட்டதா என்று அவளுக்குத் தெரிந்திருக்காது. முழங்கை சுவரில் இடித்தது. நான் உடனே தடியின் நுனியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

"நீ என்ன, பூ வைக்கிறியோ?" என்று அக்கா அந்தப் பக்கத்திலிருந்து கேட்டாள். தடாகம் முழுக்க எதிரொலித்தது. நல்லவேளை, தமிழ்.

அதன் பிறகு நாளுக்கு நாள் கொஞ்சம் தேறினேன். ஆனாலும் ஒரு கெடுதல் நடந்துவிட்டது. லெஸ்யாவுக்கு என்னில் நம்பிக்கை போய்விட்டது. என் பக்கம் நெருங்கும்போது வேகத்தைக் குறைத்து, ஒரு கையை முன்னால் நீட்டிச் சுவரைத் தேடினாள். பெத்ரோவின் பக்கத்தில் அப்படிச் செய்வதில்லை. அக்கா நின்ற காலத்தில் என் பக்கத்திலும் செய்ததில்லை. அந்தத் தேடலில்தான் அவளுடைய நேரம் போனது. வரப்போகும் போட்டியில் நூறு மீற்றரைக் குறித்த நேரத்துக்குள் நீந்தினால் அவளுடைய நாட்டு அணியில் இடம் நிலைக்கும். இல்லையென்றால் அந்த இடம் ஒரு இளையவளுக்கு. அவளுடைய வயதில் இன்னொரு வாய்ப்புக்காக யாரும் கதவைத் திறந்து வைத்திருக்க மாட்டார்கள். இது எனக்குத் தெரியும். 

வீட்டில் அக்கா எனக்குப் பயிற்சி வைத்தாள். வரவேற்பறைக் கதிரையில் தலையணையை நிறுத்தி அடிக்கச் சொன்னாள். தலையணைக்கு வலிக்காது என்பதால் நன்றாகவே அடித்தேன். "தலையணை வேண்டாம், அத்தானை இருத்திப்போட்டு அடிச்சுப் பழகு," என்றாள் பிறகு. அத்தான் அப்போது குசினி மேசையில் இருந்து வரவேற்புரை எழுதிக்கொண்டிருந்தார்.

வரவேற்புரை எதற்கென்றால், போட்டிக்கு ஒரு வாரம் முன்பு ஒன்றியம் லெஸ்யாவுக்குப் பாராட்டு விழா எடுத்தது. வென்ற பிறகு எடுக்கலாமே என்று அக்கா கேட்டாள். வென்ற பிறகு எல்லோரும் எடுப்பார்கள், முந்திக்கொள்ள வேண்டும் என்றார் அத்தான். பின்னேரம் தொடங்க வேண்டிய விழா இருட்டிய பிறகு தொடங்கியது. ஜேர்மனியில் எல்லாம் நேரத்துக்கு நடக்கும் என்று சொன்னவர்கள் எங்கள் ஆட்களின் மண்டபத்துக்கு வந்ததில்லை. கண் தெரியாதவளை அழைத்து முதலில் குத்துவிளக்கு ஏற்றச் சொன்னார்கள். விரல் சுடாமல் அக்கா கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு பேச்சு. ஒவ்வொருவரும் 'பார்வையற்ற நிலையிலும்' என்று தொடங்கினார்கள். ஒருவர் தன் கவிதையில் அவளை இருண்ட வானத்து விண்மீன் ஆக்கினார். அடுத்தவர் கலங்கரை விளக்கம் ஆக்கினார். முன்வரிசையில் பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். லெஸ்யா இதெல்லாம் எப்போது முடியும் என்று அக்காவின் காதில் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கடைசியில் அத்தான் பொன்னாடை போர்த்தினார். அவள் அதைத் தடவிப் பார்த்து ஏதோ கேட்டாள்.

"தலை துடைக்கிற துவாயோ எண்டு கேக்கிறாள்," என்றாள் அக்கா. "இல்லை, மரியாதை எண்டு சொன்னன்."

அந்த விழாவில் என்னையும் மேடைக்குக் கூப்பிட்டார்கள். கடலில் பிறந்து கடலில் வளர்ந்த மன்னார் மைந்தன் என்று அத்தான் அறிமுகம் செய்தார். எனக்கு நீந்தத் தெரியாது. அதைச் சொல்லவும் தெரியவில்லை. கும்பிட்டுவிட்டு இறங்கிவிட்டேன்.

இடியப்பமும் சொதியும் மட்டும் குறை சொல்ல முடியாதபடி இருந்தன. லெஸ்யா தனக்கு அந்த விழாவில் விளங்கிய ஒரே விஷயம் சொதிதான் என்றாள். மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டாள்.

போட்டி ஆஹென் நகரத்தில். முதல் நாளே ரயிலில் புறப்பட்டோம். அக்கா, பெத்ரோ, லெஸ்யா, நான். அத்தான் ஒன்றியத்துக்காரர்களோடு மறுநாள் வான் வண்டி பிடித்து வருவதாக ஏற்பாடு. எங்கள் மன்னார்க் கோச்சி பிந்தினால் யாரும் ஆச்சரியப்படுவதில்லை. அங்கேயும் ரயில் பிந்தியது. ஆனால் எத்தனை நிமிடம் பிந்தும் என்பதைப் பலகையில் துல்லியமாகப் போட்டார்கள். பிறகு அந்தத் துல்லியத்தையும் மாற்றிக்கொண்டே இருந்தார்கள். வழியில் ஒரு நிலையத்தில் ரயில் மாற வேண்டியிருந்தது. மேடை மாறிவிட்டது என்று அறிவித்ததும் நூற்றுக்கணக்கானவர்கள் பெட்டியோடு ஓடினார்கள். பெத்ரோவும் அக்காவும் முன்னால் போய்விட்டார்கள்.

நானும் லெஸ்யாவும் பின்னால். அப்போது ஒரு வயதான சீமாட்டி வந்தாள். லெஸ்யாவின் வெள்ளைத் தடியைக் கண்டதும் அவள் முகம் இரக்கத்தால் நிறைந்துவிட்டது. லெஸ்யாவின் கையைப் பிடித்து, கூட்டத்தை விலக்கி, நின்றிருந்த ஒரு ரயிலில் ஏற்றினாள். இருக்கை பிடித்து இருத்தினாள். கன்னத்தைத் தடவிவிட்டு இறங்கிப் போனாள். அது எங்கள் ரயில் அல்ல என்று எனக்குச் சந்தேகம். ஆனால் இவ்வளவு அன்பாகச் செய்கிற ஒருவரிடம் எப்படிச் சொல்வது? நானும் பின்னால் ஏறி, சீமாட்டிக்கு நன்றி சொல்லித் தலையாட்டினேன். கதவு மூடியது.

அக்கா தொலைபேசியில் அழைத்தபோது நாங்கள் எதிர்த்திசையில் நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருந்தோம். அந்த ஒரு ரயில் மட்டும் ஒரு நிமிடமும் பிந்தவில்லை. அக்கா எனக்குச் சொன்னவற்றை இங்கே எழுத முடியாது. மலரைப் பிள்ளைகளும் படிப்பார்கள்.

அடுத்த நிறுத்தத்தில் இறங்கினோம். திரும்பிப் போகும் ரயில் வர நேரம் இருந்தது. சின்ன நிலையம், உட்கார ஒரு வாங்கு, ஒரு குப்பைத் தொட்டி. குப்பைத் தொட்டிக்கு மட்டும் நாலு வாய். எந்தக் குப்பையை எதில் போடுவது என்று தெரியாமல் என் கையில் இருந்த வாழைப்பழத் தோலைச் சட்டைப் பைக்குள் வைத்தேன். அக்கா கட்டித் தந்த புட்டையும் மாசிச் சம்பலையும் லெஸ்யாவுக்குக் கொடுத்தேன். அவள் தன் பையிலிருந்து கறுப்புப் பாணும் உப்பில் ஊறிய கெக்கரிக்காய் போன்ற ஒன்றும் உப்பிட்ட பன்றிக் கொழுப்பும் எடுத்தாள். கொழுப்பை மாசிச் சம்பலோடு சேர்த்துச் சாப்பிட்டோம். சொன்னால் நம்ப மாட்டீர்கள், நன்றாக இருந்தது.

சாப்பிட்டு முடித்ததும் லெஸ்யா தன் தொலைபேசியில் அக்காவை அழைத்து, சத்தமாகக் கேட்கும்படி வாங்கில் வைத்தாள். அவள் பேசினாள். அக்கா தமிழில் சொன்னாள்.

"தம்பி, இவள் சொல்லுறதை அப்பிடியே சொல்லுறன், கேள். தன்னை ஆரும் வேணுமெண்டு காயப்படுத்தினதில்லையாம். எல்லாக் காயமும் இரக்கப்பட்ட ஆக்களாலதானாம். றோட்டுக் கடக்காமல் நிண்டவளை இழுத்துக்கொண்டு போய் மறுகரையில விட்டவையாம். இண்டைக்குப் பிழையான ரயிலில ஏத்தினதும் அப்பிடித்தானாம். நீயும் அந்தச் சீமாட்டியும் ஒண்டு எண்டு சொல்லுறாள்."

நான் சட்டைப் பையிலிருந்த வாழைப்பழத் தோலைத் தொட்டுப் பார்த்தேன்.

"நீ அடிப்பாய் எண்டு நம்பினாத்தான் தான் முழு வேகத்தில வருவாளாம். உன்ர அக்கா அடிக்கேக்க தனக்குச் சுவரைப் பற்றின நினைப்பே வாறதில்லையாம். அது என்ர, மூண்டு பெடியளை வளர்த்த கையெல்லே. சரி, இப்ப தலையைக் கொஞ்சம் குனி."

"ஏன்?"

"குனியடா."

குனிந்தேன். லெஸ்யா கையால் துழாவி என் தலையைக் கண்டுபிடித்து, மடக்கிய கையால் உச்சியில் ஒன்று போட்டாள். பல்லோடு பல் மோதியது.

"இவ்வளவாம்," என்றது தொலைபேசி. "இதுக்குக் குறையக் கூடாதாம்."

எதிர் மேடையில் நின்ற ஒருவர் வேகமாக எங்கள் பக்கம் வந்து, பொலிசை அழைக்கட்டுமா என்று என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார். கண் தெரியாத பெண்ணின் பக்கம் நிற்பதா, அடிவாங்கிய கறுப்பு மனிதனின் பக்கம் நிற்பதா என்று அவருக்கே குழப்பம். நோ, நோ, தாங்க்ஸ் என்றேன். உச்சி ஆஹென் வரை வலித்தது. அந்த வலியை மறக்காமல் இருக்கப் பார்த்தேன். பாடம் வேறு எந்த வழியிலும் என் தலைக்குள் போயிருக்காது.

மறுநாள் ஞாயிறு. பேருந்து நிறைய இந்திய மாணவர்கள். தொலைக்காட்சி நாடகத்தில் கேட்கிற தமிழும் ஆங்கிலமும் கலந்து, வாடகை அறையையும் பரீட்சையையும் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள். போட்டி நடந்த தடாகம் ஐம்பது மீற்றர் நீளம். நூறு மீற்றர் என்றால் ஒரு போக்கு, ஒரு வரவு. தொடக்கமும் முடிவும் பெத்ரோவின் பக்கம். திரும்புகிற இடம் என் பக்கம். அதாவது கடல் கடந்து, கண்டம் கடந்து நான் வந்தது ஒரே ஒரு தட்டுக்காக. அது பிழைத்தால் திருத்த இரண்டாவது தட்டு கிடையாது.

ஒன்றியத்துக்காரர்கள் பார்வையாளர் பகுதியில் இரண்டு வரிசை பிடித்து அமர்ந்திருந்தார்கள். உறைப்பு ரோல்ஸ் வாசனை தடாகம் வரை வந்தது. நான் அரைக் காற்சட்டையோடு, வெறுங்காலோடு, தடியைப் பிடித்து என் முனையில் நின்றேன். பக்கத்தில் வெள்ளைச் சட்டை போட்ட நடுவர் ஒருவர் என்னையும் தண்ணீரையும் மாறி மாறிப் பார்த்தார். தூரத்தில் லெஸ்யா மேடையில் ஏறிக் குனிந்தாள். கண் தெரியாதவர்களுக்குத் தொடக்க ஒலிதான் எல்லாம். அதனால் அந்த நேரத்தில் மண்டபத்தில் ஒரு சத்தமும் இருக்கக் கூடாது. விசில் ஊதியதும் எல்லோரும் அமைதியானார்கள். தண்ணீர் அசைவதுகூடக் கேட்டது.

அந்த அமைதியில் ஒரு குரல் எழுந்தது.

"அன்பான உறவுகளே, தயவுசெய்து அமைதி காக்கவும்."

அத்தான். எழுந்து நின்று, இரண்டு கையையும் விரித்து, ஏற்கெனவே அமைதியாக இருந்த கூட்டத்தை அமைதிப்படுத்திக்கொண்டிருந்தார். இத்தனை விழாவுக்குத் தலைமை தாங்கியவருக்கு ஒரு மண்டபம் தானாக அமைதியாகும் என்று எப்படித் தெரியும்? தொடக்குநர் எல்லோரையும் மேடையிலிருந்து இறக்கினார். ஒலிபெருக்கியில் ஜேர்மனில் ஒரு கண்டிப்பு வந்தது. அத்தான் அதைத் தனக்குக் கிடைத்த ஆதரவாக எடுத்துக்கொண்டு, தலையாட்டிவிட்டு அமர்ந்தார்.

மறுபடியும் ஏறினார்கள். இந்த முறை ஒலி வந்தது. பாய்ந்தார்கள்.

தூரத்திலிருந்து ஒரு வெள்ளைத் தொப்பி வந்தது. கயிற்றை உரசிக்கொண்டு வந்தது. வேகம் குறையுமா, கை முன்னால் நீளுமா என்று பார்த்தேன். குறையவில்லை. நீளவில்லை. சுவர் என்று ஒன்று உலகத்தில் இல்லாததுபோல வந்தாள்.  உச்சி வலித்த இடம் நினைவுக்கு வந்தது. தடியை ஓங்கி அவள் தலையில் ஒன்று போட்டேன். சத்தம் கேட்டது. அவள் சுருண்டு, திரும்பி, சுவரை உதைத்துக்கொண்டு போய்விட்டாள்.

"ஐயோ தங்கச்சி, மன்னிச்சுக்கொள்ளு."

இதைச் சொன்னது யார் என்று திரும்பிப் பார்த்தேன். நான்தான். தடியின் நுனியைத் தொட்டுக் கண்ணிலும் ஒற்றிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற நடுவர் கையை உயர்த்தியிருந்தார்.

மறுமுனையில் பெத்ரோ தட்டினார். அவள் சுவரைத் தொட்டாள். பெத்ரோ நேரக் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு பெரிய பலகையைப் பார்த்தார். பிறகு குனிந்து அவள் காதில் சொன்னார். குறித்த நேரத்துக்குள் வந்துவிட்டாள். கொஞ்சமாகத்தான், ஆனால் உள்ளேதான். அவள் தண்ணீரைக் கையால் ஓங்கி அடித்தாள். ஒரு அதிகாரி வந்து அவளுடைய கறுப்புக் கண்ணாடியை வாங்கித் தூக்கிப் பிடித்து, வெளிச்சம் வருகிறதா என்று பார்த்தார். அப்போதுதான் என் பக்கத்து நடுவர் என்னையும் தடியையும் சேர்த்து அழைத்துக்கொண்டு போனார்.

மேசையில் தலைமை நடுவர் ஒரு அம்மையார். தடிக்காரன் பேசியதாக முறைப்பாடு, என்ன சொன்னார் என்று கேட்டார். எனக்குத் தமிழே வரவில்லை. லெஸ்யா துவாயைச் சுற்றிக்கொண்டு பெத்ரோவின் கையைப் பிடித்தபடி வந்து நின்றாள். தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது. அத்தான் படியிறங்கி வந்து தொண்டையைச் செருமினார்.

"நீங்கள் வாய் திறந்தா இண்டைக்கு வீட்டுக்கு வரத் தேவையில்லை," என்றாள் அக்கா. அத்தான் வாயை மூடினார். அந்த மண்டபத்தில் அவர் காத்த முதல் அமைதி அதுதான்.

அக்கா சொன்னதை அம்மையார் ஏற்கவில்லை. உடன்பிறந்தவர் மொழிபெயர்க்கக் கூடாதாம். தண்ணீர்ப் போத்தல் கொடுக்க வந்திருந்த ஒரு மாணவியைக் கூப்பிட்டார்கள். கோயம்புத்தூர்ப் பெண். அவளுக்கு முன்னால் நான் சொன்னதை அப்படியே திரும்பச் சொல்ல வேண்டும், செய்கையோடு. சொன்னேன். தடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றியும் காட்டினேன்.

"ஜஸ்ட் சாரி சொல்லியிருக்காருங்க," என்று அவள் அக்காவிடம் சொல்லிவிட்டு, ஜேர்மனில் விளக்கினாள்.

கேள்விகள் தொடங்கின. யாரிடம் மன்னிப்பு? நீந்தியவரிடம். எதற்கு? அடித்ததற்கு. அடிப்பது அவருடைய கடமை அல்லவா? ஆம். கடமையைச் சரியாகச் செய்தாரா? செய்தார். பிறகு எதற்கு மன்னிப்பு?  எங்கள் நாட்டில் அப்படித்தான் என்றாள் மாணவி. அவளுடைய நாடும் என்னுடைய நாடும் வேறு. ஆனால் அதைச் சொல்லும் நேரம் அது அல்ல.

சட்டப் புத்தகத்தை எடுத்து மூன்று பேர் குனிந்து படித்தார்கள். அந்தச் சொற்களில் தூரம் பற்றி ஏதும் உண்டா என்று கேட்டார்கள். வேகம்? திரும்பும் இடம்? எதிராளிகள்? மன்னிப்பில் இவை எதுவும் இல்லை என்று மாணவி உறுதி கூறினாள். தங்கச்சி என்றால் என்ன என்றார்கள். இளைய சகோதரி. அப்படியானால் இருவரும் உறவினரா? இல்லை. மேசையில் மறுபடி ஒரு கூட்டம். லெஸ்யாவின் விரல்கள் பெத்ரோவின் கையில் வெள்ளையாகிப் போயிருந்தன. அவளுக்கு எஞ்சியிருந்த நீச்சல் முழுவதும் என் வாயிலிருந்து விழுந்த ஒரு சொல்லில் தொங்கியது. வாழ்நாளெல்லாம் பேசாதவன், பேசக்கூடாத ஒரே இடத்தில் பேசிவிட்டேன்.

கடைசியில் அம்மையார் கண்ணாடியைக் கழற்றினார். மன்னிப்புக் கேட்பது நீச்சல் தொடர்பான வழிகாட்டல் ஆகாது. நீந்திய நேரம் செல்லுபடியாகும். ஆனால் இது விரும்பத்தக்க பழக்கம் அல்ல என்று குறிப்பு எழுதப்படும்.

பெத்ரோ கிழவர் முதன்முறையாகச் சத்தமாக ஏதோ சொல்லி, என் கன்னம் இரண்டிலும் முத்தம் வைத்தார். அத்தான் அதற்குமேல் பொறுக்க முடியாமல் தன் பையிலிருந்து ஒரு பொன்னாடையை எடுத்து லெஸ்யாவின் தோளில் போர்த்தினார். அவள் அதைத் தடவிப் பார்த்தாள். இது என்ன என்று அவளுக்கு இப்போது தெரியும். எடுத்துத் தலையைத் துடைத்தாள். சரிகை தண்ணீரை உறிஞ்சவில்லை. அத்தானிடமே திருப்பிக் கொடுத்தாள்.

பிறகு என் பக்கம் முகத்தைத் திருப்பிப் பேசினாள். அக்கா சொன்னாள்:

"அடி சரியாம். மன்னிப்பு ஆருக்கு வேணுமெண்டு கேக்கிறாள்."

நான் பதிலுக்கு ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அக்கா என் காலை மிதித்தாள்.

மறுநாள் திங்கட்கிழமை. ரயில் பிந்தித்தான் ஸ்டுட்கார்ட்டுக்கு வந்தது. பின்னேரம் பயிற்சி இருந்தது. சாரத்தோடு குளித்துவிட்டுப் போய் என் முனையில் நின்றேன். அவள் வந்தாள், தட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை.